ஹெட்செட் நிறைகிறது

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் ஐந்து. என் பேனாவோ வீட்டில். "பேனா இருக்குதா சார்?" என்று கேட்டேன். மூலை மேசையில் உட்கார்ந்திருந்தவர் இழுப்பறையைத் திறந்தார், உள்ளே நன்றாகப் பார்த்தார், மூடினார். "பேனா நெறஞ்சிருச்சும்மா" என்றார். நிறைந்திருந்தால் ஒன்றைக் கொடுக்க வேண்டியதுதானே? நான் கையை நீட்டியபடியே நின்றேன். அவர் என்னைப் பார்க்க, நான் அவரைப் பார்க்க, நல்ல கூத்து! கடைசியில் அவரே எழுந்து கீழே இறங்கி, எதிர்க் கடையில் நீல மூடி போட்ட பேனா ஒன்று வாங்கிவந்து என்னிடம் கொடுத்தார். சரியான கிறுக்கு என்று மனதுக்குள் வைதுகொண்டே கையெழுத்துப் போட்டேன்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. பெயரைச் சொல்லி நாங்கள் கூப்பிட்டதும் கிடையாது. கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர் என்பதால் எங்களுக்கு அவர் 'சிஸ்டம் சார்'. டீம் லீடர் மட்டும் 'மாமா' என்பான். பண்ருட்டிக்காரன், அவனுக்கு ஊரில் பாதிப் பேர் மாமாதான். அவன்தான் அன்று மதியம் எனக்கு விளக்கம் சொன்னான்.

"மாமா வாயில 'இல்ல'ன்னு வராது. நெறஞ்சிருச்சுன்னா காலின்னு அர்த்தம். நெறைய நெறஞ்சிருச்சுன்னா சுத்தமா காலி. ரெண்டு நாளு பழகுனா புரிஞ்சிரும், போ."

அரிசி தீர்ந்தால் தீர்ந்தது என்று சொல்லக்கூடாது, நிறைந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். இது தெரியாத வீடு உண்டா? எங்கள் வீட்டிலும் அரிசி, உப்பு, மஞ்சள், குங்குமம் நான்குக்கும் அப்படித்தான். விளக்கை அணைக்கவா என்று கேட்டால் அம்மா முதுகிலேயே ஒன்று வைப்பாள், மலையேற்றவா என்று கேட்க வேண்டும். அதெல்லாம் சரி. பிரிண்டர் மைக்கு யாராவது அப்படிச் சொல்வார்களா? சிஸ்டம் சார் சொல்வார். தண்ணீர் கேனுக்குச் சொல்வார், வெள்ளைத் தாள் தீர்ந்தால் அதற்கும் சொல்வார். இன்டர்நெட் போய்விட்டால், "நெட்டு மலையேறியிருக்கு, செத்த நேரம் பொறுங்க" என்பார். சாப்பிட்டீர்களா சார் என்று கேட்டால் "இனிமேதாம்மா" என்று பதில் வரும். அவர் தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர். உட்கார இடம் கிடைத்ததா என்று கேட்டால் "பஸ்ஸு நெறஞ்சிருந்துச்சும்மா" என்பார். அவர் பேச்சில் அந்த வார்த்தை சரியாகப் பொருந்தியது அந்த ஒரு இடத்தில்தான்.

"சிதம்பரத்துக்காரரு இல்ல? கோயில்ல ரகசியம்னு தெரைய வெலக்குனா உள்ள ஒண்ணும் இருக்காது, நெறஞ்சிருக்குதுன்னு கும்புட்டுட்டு வருவாங்க. அதே பழக்கம் மாமாவுக்கு" என்று டீம் லீடர் அவர் முகத்துக்கு நேராகவே கிண்டலடிப்பான். அவர் சிரித்துக்கொண்டே வயரைச் சுற்றிக்கொண்டிருப்பார்.

எனக்கு எரிச்சல்தான் வரும். நான் கடலூர் பழைய டவுன் கடற்கரைப் பெண். அப்பா படகு கரையேறும்போதே "பாடு இல்ல" என்று அங்கிருந்தே கத்துவார். மீன் படவில்லை என்றால் படவில்லை, அதற்கு மேல் அதில் பேச என்ன இருக்கிறது? பொய்யாவது சொல்லுங்கள், இப்படிச் சுற்றி வளைக்காதீர்கள் என்று தோன்றும்.

எங்கள் வேலை தண்ணீர் மோட்டார்க் கம்பெனி ஒன்றுக்குப் புகார் கேட்பது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு துணிக்கடைக்கு மேல் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம், இரண்டாயிரத்துப் பத்தில். விவசாயிகள் போன் செய்வார்கள். மோட்டார் ஓடுது, தண்ணி வரல. தண்ணி வருது, மோட்டார் சுடுது. ரெண்டுமே வரல, ஒன் கம்பெனி நாசமாப்போவ. எல்லாவற்றுக்கும் "சொல்லுங்க ஐயா" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். உதிரிப் பாகங்களின் படப் புத்தகங்கள் பின் அறை பீரோவில் இருந்தன. பேசிக்கொண்டே நடந்து போய் அதைப் புரட்ட வேண்டும் என்பதால் எங்களில் மூன்று பேருக்கு மட்டும் வயர் இல்லாத ஹெட்செட். மூன்றில் ஒன்று எனக்கு.

அந்த ஹெட்செட்டைச் செய்தவனைக் கண்டால் நான்கு கேள்வி கேட்பேன். சார்ஜ் குறைந்தால் சிவப்பு விளக்கு எரியும். எங்கே எரியும்? காதுக்கு வெளிப்பக்கம். மாட்டியிருக்கிறவளுக்கு எப்படித் தெரியும்? கூட்டுகிற அக்காதான் விளக்குமாறும் கையுமாக ஓடிவந்து, "ஏய் பொண்ணு, ஒன் காதுல செவப்பு எரியுது!" என்று கத்தும். அதற்குள் லைன் போயிருக்கும். அந்தப் பக்கம் இருப்பவருக்கு நான் வேண்டுமென்றே வைத்துவிட்ட மாதிரி இருக்கும். சென்னைத் தலைமை அலுவலகத்தின் சட்டமோ ஒரே வரி: ஆள் பேசிக்கொண்டிருக்கும்போது லைனைத் துண்டித்தால், வீட்டுக்குப் போகலாம்.

என்னால் வீட்டுக்குப் போக முடியாது. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை உறுதி செய்வார்கள். அம்மா என்னிடம் முன்பே சொல்லிவிட்டாள்: "ஆறு மாசம் பாப்பேன். நெலைக்கலன்னா மூட்டையக் கட்டு, பண்ருட்டிக்குப் போயி ஒன் சித்தி கூட முந்திரி ஒட." சித்தியின் விரல்களை நான் பார்த்திருக்கிறேன். முந்திரித் தோட்டு எண்ணெய் பட்டுப் பட்டுப் பத்து விரலும் கறுத்து, தோல் உரிந்து, தாலி கட்டிய நாளில் பூசிய மருதாணியைத் தவிர வேறு நிறம் அந்த விரல்களில் ஏறவே இல்லை என்று அவளே சொல்வாள். எனக்கு அந்த விரல்கள் வேண்டாம். இந்த வேலை வேண்டும். அவ்வளவுதான் என் கதை.

முதல் முறை லைன் போனபோது யாரும் சென்னைக்குப் புகார் சொல்லாததால் தப்பித்தேன். இரண்டாவது முறை போனபோது மேசையில் தலையை வைத்து அழுதேன். சிஸ்டம் சார் வந்து நின்றார். என் கம்ப்யூட்டரின் பின்புறம் குனிந்து, ஹெட்செட்டுக்காகச் செருகியிருந்த சின்னக் குச்சி ஒன்றைத் தொட்டுக் காட்டினார்.

"இதுக்குத் தெரியும்மா, எவ்ளோ சார்ஜ் இருக்குன்னு. யாரும் கேக்கல, அதான் அது சொல்லல" என்றார்.

பதினைந்து நாள் அவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதாவது, நிமிடத்துக்கு ஒரு தடவை அந்தக் குச்சியிடம் 'எவ்வளவு மிச்சம்' என்று கேட்டு, திரையின் கீழ் மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் எண்ணாகக் காட்டுகிற ஒரு சின்ன புரோகிராம் எழுதினார். எண்ணுக்குப் பக்கத்தில் காதுப் படம் ஒன்று அவரே வரைந்து வைத்தார். அது காதாக வராமல் முந்திரிப் பருப்பாக வந்து நின்றது. "முந்திரி எவ்ளோ காட்டுது?" "நாப்பது!" என்று அலுவலகமே பேச ஆரம்பித்தது. முந்திரியிலிருந்து தப்பிக்க வந்தவளுக்கு முந்திரியே காவல், பாருங்கள்.

இதை எழுதியதோடு அவர் விடவில்லை. மூன்று ஹெட்செட்டையும் ஒவ்வொரு நாள் தானே மாட்டிக்கொண்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை ரேடியோ ஓடவிட்டு, எந்த எண்ணில் எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று ஒரு நோட்டில் குறித்தார். காது சிவந்து வீங்கிப்போயிற்று. என் ஹெட்செட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது முகத்தில் அப்படி ஒரு கோபம்.

"இது பொய் சொல்லுதும்மா. இருபதுன்னு காட்டுது, அஞ்சு நிமிஷத்துல உயிர விடுது. இனிமே இது இருபதுன்னா நம்ம முந்திரி அஞ்சுன்னு காட்டும், மாத்திட்டேன். மெஷின் ஆளுங்களுக்குப் பொய் சொல்லக்கூடாது."

"நீங்க மட்டும் காலி கேனப் பாத்து நெறஞ்சிருக்குன்னு சொல்லலாமா சார்?" என்று கேட்டுவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

"நான் சொல்றது பொய்யாம்மா?" என்று திருப்பிக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரிக் கேட்டார்.

அதற்குப் பிறகு மூன்று மாதம், என் லைன் ஒரு தடவைகூடப் போகவில்லை. மூன்று மாதம்! ஒரு மனுஷன் தன் வேலையும் அல்லாத ஒரு வேலையைக் காது வீங்கச் செய்துவிட்டு, மறுநாள் ஒன்றும் நடக்காத மாதிரி வயர் சுற்றிக்கொண்டிருந்தார். எனக்கு அவர் மேல் இருந்த எரிச்சலெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் சிதம்பரம் கோவிலுக்குப் போனோம். வந்தால் வீட்டுக்கு வரணும் என்று அவர் சொல்லியிருந்தார். சார், பிள்ளைகள் எத்தனை பேர் என்று முன்பு ஒருநாள் நான் கேட்டபோது, "வீடு நெறஞ்சிருக்கும்மா" என்று சிரித்திருந்தார். எப்படியும் மூன்று நான்கு இருக்கும் என்று கணக்குப் போட்டு, சன்னதித் தெருவில் நான்கு ரப்பர் பந்து வாங்கிக்கொண்டேன். சிவப்பு இரண்டு, பச்சை இரண்டு. பேனாவுக்கும் பிரிண்டர் மைக்கும் அவர் சொன்னால் எனக்கு அர்த்தம் தெரியும். பிள்ளைகளுக்கும் ஒருவர் அப்படிச் சொல்வார் என்று எந்தப் புத்தியுள்ளவளுக்குத் தோன்றும்?

இரண்டே அறை உள்ள வீடு. துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அவர் பால் வாங்கப் போயிருந்தார். "புள்ளைங்க வெளையாடப் போயிருக்குதா?" என்று அம்மா கேட்டாள். அவர் மனைவி என் கையிலிருந்த பந்துகளைப் பார்த்தார். எனக்கு அந்த நொடியில் புரிந்துவிட்டது. பந்துகளை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். சீ, என்ன பெண் நான்!

அந்த அம்மாள் சிரித்தார். "நெறஞ்சிருக்குன்னு சொன்னாராக்கும்?" என்று கேட்டுவிட்டு, பந்துகளை ஒவ்வொன்றாக வாங்கி ஒரு தட்டில் வைத்தார். "பக்கத்து வூட்டுப் புள்ளைங்க வரும், இருக்கட்டும்." பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "பதினோரு வருஷம் ஆவுதுங்க. டாக்டரம்மா அவர மட்டும் உள்ள கூப்ட்டுச் சொன்னாங்க. வெளிய வந்தாரு. இன்னா சொன்னாங்கன்னு கேட்டேன். 'வா போலாம், பஸ்ஸு வந்துரும்'னாரு. இன்னிய வரைக்கும் அந்த வார்த்தைய எங்கிட்ட அவரு சொல்லல. நானும் அப்புறம் கேக்கல. அதுக்கு முன்னால அவரும் எல்லாரையும் மாதிரிதான் பேசிக்கிட்டு இருந்தாரு."

திரும்பும்போது ஆலப்பாக்கம் தாண்டும் வரை அம்மா வாயைத் திறக்கவில்லை. மீன் கூடையோடு ஏறினால் பஸ்ஸையே அலற வைக்கிறவள் அவள். தாண்டிய பிறகு, "கிறுக்குதான்டி. ஆனா தங்கமான மனுசன்" என்றாள்.

இனி நடந்ததற்கு டீம் லீடரைத்தான் சொல்ல வேண்டும். எண்ணை யாரும் கவனிப்பதில்லை, அதை எடுத்துவிட்டு எழுத்தாகப் பெட்டியில் வந்து நிற்கட்டும் என்று கேட்டவன் அவன். சென்னைக்குத் தினமும் அனுப்புகிற சார்ஜ் பட்டியலிலும் எண் வேண்டாம், நேரமும் வார்த்தையும் போதும் என்றான். சிஸ்டம் சார் அரை நாள் அந்த ஒரு வார்த்தைக்காக உட்கார்ந்திருந்தார். 'தீர்கிறது' என்று தட்டுவார், அழிப்பார். மறுபடி தட்டுவார், அழிப்பார். நான் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கடைசியில் எதைத் தட்டினார் என்று பார்ப்பதற்குள் எனக்குப் போன் வந்துவிட்டது.

மறுநாள் காலை மங்கலம்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் பேசினார். மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, தண்ணீர் பாய வேண்டிய நேரம், மோட்டார் நின்று மூன்று நாள். பிடித்தார் பாருங்கள் ஒரு பிடி. என் பாட்டன் முப்பாட்டனெல்லாம் வந்து போனார்கள். "சொல்லுங்க ஐயா, சொல்லுங்க ஐயா" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது திரையில் ஒரு பெட்டி எழும்பியது. 'ஹெட்செட் நிறைகிறது' என்றது. நல்லது, நிறையட்டும் என்று அதை மூடினேன்.

நீங்கள் கேட்பீர்கள், அவர் பேச்சு தெரிந்தவள்தானே நீ, எப்படி ஏமாந்தாய் என்று. வாயால் சொல்வது வேறு, அச்செழுத்தில் பார்ப்பது வேறு. கம்ப்யூட்டரில் வந்தால் அது உள்ளபடிதான் இருக்கும் என்று அப்போது எனக்கு ஒரு நம்பிக்கை. அதிலும் பத்து நிமிடம் முன்புதான் சார்ஜர் தாங்கியிலிருந்து ஹெட்செட்டை எடுத்து மாட்டியிருந்தேன். கூட்டுகிற அக்கா அந்தத் தாங்கியின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டிருந்தது யாருக்குத் தெரியும்? அந்த ஐயா "நீ சோறுதான் துன்றியா" என்று கேட்ட இடத்தில் லைன் செத்தது.

அவர் மறுபடி எங்களைக் கூப்பிடவில்லை. நேரே சென்னைக்குக் கூப்பிட்டு, "நான் பேசிக்கிட்டு இருக்கும்போதே அந்தப் பொண்ணு மூஞ்சில அடிச்சாப்ல வெச்சிடுச்சு" என்று புகார் சொல்லிவிட்டார். என் வேலை உறுதியாவதற்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

மூன்றாம் நாள் விசாரணை. டீம் லீடர் மேசையில் போன் ஸ்பீக்கரில் இருந்தது. அந்தப் பக்கம் சென்னை மேனேஜர். நானும் சிஸ்டம் சாரும் நின்றுகொண்டிருந்தோம். நான் நடந்ததைச் சொன்னேன், சார்ஜ் போனதால்தான் லைன் போனது என்று. மேனேஜர் காகிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"பட்டியல் எங்கிட்ட இருக்கு. பத்து நாப்பத்திரண்டு, 'நிறைகிறது'. பத்து அம்பத்து மூணு, 'நிறைந்தது'. கால் கட் ஆனது பத்து அம்பத்து மூணு. ஹெட்செட் ஃபுல்லா இருந்திருக்கும்மா. நீங்கதான் வெச்சிருக்கீங்க."

சித்தியின் விரல்கள் கண்ணுக்கு முன்னால் வந்தன.

"புரோகிராம் எழுதினவர் அங்க இருக்காரா?"

"இருக்கேன் சார்."

"ஒரே வார்த்தையில சொல்லுங்க. அந்த நேரத்துக்கு ஹெட்செட்ல சார்ஜ் இருந்துச்சா, இல்லையா?"

அவர் நாக்கில் எந்த வார்த்தை நிற்கிறது என்று எனக்குத் தெரியும், டீம் லீடருக்கும் தெரியும். அது வெளியே வந்தால் நான் ஒழிந்தேன். ஐயோ, சொல்லிவிடாதீர்கள் சார் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். டீம் லீடர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, ஒரு தடவ. ஒரே ஒரு தடவ" என்று முணுமுணுத்தான்.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா?"

"சார்ஜ்…" என்றார். "சார்ஜ் இல்ல சார்."

போனுக்கு இன்னும் பக்கத்தில் குனிந்தார்.

"அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. நான் போட்ட வார்த்தை சரி இல்ல."

மேனேஜர் மறுபடி காகிதத்தைப் புரட்டினார். பிறகு, அந்தப் பெண் இருக்கட்டும், வார்த்தையை மாற்றுங்கள், உங்களுக்கு ஒரு மெமோ வரும் என்று சொல்லிவிட்டு வைத்தார். மெமோவும் வந்தது, அந்த வருஷம் அவருக்குச் சம்பள உயர்வு நின்றுபோயிற்று. ஒன்பதாம் நாள் என் வேலை உறுதியாயிற்று. பெட்டியில் அவர் எழுதிய புது வார்த்தை, 'ஹெட்செட்டை மாத்தும்மா'. இருக்கிறது என்றும் சொல்லாமல், போய்விட்டது என்றும் சொல்லாமல், செய்ய வேண்டியதை மட்டும் சொன்னது. அந்த அலுவலகத்தில் அதற்குப் பிறகு அந்தப் பெட்டியை யாரும் தவறாகப் படித்ததில்லை. ஆண்பிள்ளைகளுக்கும் அது 'ம்மா' என்றுதான் சொல்லிற்று.

ஆனால் போனை வைத்த அந்த நிமிடத்தில் நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். டீம் லீடர் என்னைப் பார்த்துச் சிரித்தான், நான் அழுதுகொண்டே சிரித்தேன். நன்றி சொல்லத் திரும்பினால் அவரைக் காணோம். பின்பக்கம் கை கழுவும் தொட்டியில் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். அவர் குனிந்து வாயைக் கொப்பளித்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. பிறகு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி, பையிலிருந்து போனை எடுத்து வீட்டுக்குக் கூப்பிட்டார்.

"சும்மாத்தான் பண்ணேன்" என்றார். "நல்லாத்தான இருக்க? …வூட்டுல எல்லாம் நல்லாத்தான இருக்குது? …நெஜமாத்தான சொல்ற?"

நான் சத்தம் போடாமல் என் இடத்துக்குத் திரும்பி வந்து, ஹெட்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன்.